கூடங்குளம் போராட்டக் காலத்துத் துண்டறிக்கைகள் தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். வரும் ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாளன்று, அணு ஆயுதங்களுக்கும் அணுமின் நிலையங்களுக்கும் எதிராகத் தமிழ்நாட்டில் எழுந்த குரல்களைப் பற்றி மதுரையில் ஒரு சிறு கண்காட்சி நடத்த நாங்கள் சிலர் முயன்று வருகிறோம்.

1988இல் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் ஒப்பந்தம் செய்த காலத்திலேயே தொடங்கிய கூடங்குளம் எதிர்ப்பு, புகுஷிமா விபத்துக்குப் பின் 2011இல் இடிந்தகரையில் மீனவப் பெண்கள் முன்னின்ற பெரும் உண்ணாநிலைப் போராட்டமாக வளர்ந்தது. அதற்கு ஆதரவாக மதுரை வட்டாரத்தில் ஒட்டிய சுவரொட்டிகளும் தெருமுனைக் கூட்டங்களில் வழங்கிய துண்டறிக்கைகளும் உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய கோப்புகளிலோ இருந்தால், தயவுசெய்து தேடிப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் பாய்ந்த காலம் அது என்பதால், அச்சத்தில் பலர் அவற்றை அழித்திருக்கவும் கூடும். எனவே எஞ்சியுள்ள ஒவ்வொரு தாளும் எங்களுக்கு மிக முக்கியம். மூலத்தைத் தர வேண்டியதில்லை, தெளிவான படம் போதும். 1998 மே மாதப் பொக்ரான் சோதனைகளைக் கண்டித்து வந்த தமிழ் வெளியீடுகள்தாம் மிக அரிதாகக் கிடைக்கின்றன.

மேலும், 2021 ஜனவரி 22இல் நடைமுறைக்கு வந்த, இந்தியா இன்னும் கையெழுத்திடாத அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை எளிய தமிழில் தருவதற்கு, சட்டத் தமிழில் பயிற்சியுள்ள ஒருவரின் உதவியும் வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பணிபுரியும் வழக்கறிஞர் எவரேனும் முன்வந்தால் பெரிதும் மகிழ்வோம்.

வழக்கு ஆவணங்களை அனுப்புவோர், அவற்றிலுள்ள தனியாட்களின் பெயர்களை மறைத்து, ஜூலை 15க்குள் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.