நகராட்சி வார்டில் சுயேச்சையாக நிற்க என்னென்ன வேண்டும்?

தெருவிளக்கு:
வணக்கம். எங்கள் ஊர் இரண்டாம் நிலை நகராட்சி. அடுத்த தேர்தலில் கவுன்சிலருக்கு நின்றே தீருவேன் என்று என் அத்தை பிடிவாதமாக இருக்கிறார், அதுவும் சுயேச்சையாக. எந்தக் கட்சியிலும் இல்லை. மகளிர் குழுவில் பதினைந்து வருஷமாக ஓடியாடி வேலை பார்ப்பவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான் பலம்.

ஆளாளுக்கு ஒன்று சொல்லிக் குழப்புகிறார்கள். எங்கள் வார்டு போன முறை "பொது", பெண்களுக்கு ஒதுக்கியது இல்லை, அதனால் நிற்க முடியாது என்கிறார் ஒருவர். மூன்று பிள்ளைகள் இருந்தால் மனு தள்ளுபடி என்கிறார் இன்னொருவர் (அத்தைக்கு மூன்று). அத்தை வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்பதால் ஓட்டு பக்கத்து வார்டில் இருக்கிறது, அது ஒரு சிக்கல். மாமா நகராட்சியில் சின்னச் சின்ன பைப்லைன் வேலை டெண்டர் எடுத்துச் செய்கிறார், அதனால் ஏதாவது வருமா? எவ்வளவு செலவாகும்? ஜெயித்தால் சேர்மன் ஆக வழி உண்டா என்று வேறு கேட்கிறார், ஆசையைப் பாருங்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஏஆர்ஓ:
உள்ளாட்சித் தேர்தல்களில் உதவி தேர்தல் நடத்தும் அலுவலராக உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன்.

பொது வார்டு என்றால் ஆண்கள் வார்டு என்று அர்த்தமில்லை, யாரும் நிற்கலாம். பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கியவை, மீதியிலும் பெண்கள் தாராளமாக நிற்கலாம். ஆனால் போன முறை பொது என்பதால் இந்த முறையும் பொது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அரசிதழைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பிள்ளைக் கணக்கு மகாராஷ்டிராவில் உள்ள சட்டம், தமிழ்நாட்டில் கிடையாது.

வயது 21 முடிந்திருக்க வேண்டும், அந்த நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் ஏதாவது ஒரு வார்டில் பெயர் இருக்க வேண்டும். ஆகவே ஓட்டு பக்கத்து வார்டில் இருந்தாலும் அத்தை உங்கள் வார்டில் நிற்கலாம், தனக்குத்தானே ஓட்டுப் போட முடியாது, அவ்வளவுதான். ஆனால் முன்மொழிபவர் நிற்கிற வார்டின் வாக்காளராக இருந்தாக வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள். பட்டியல் சட்டமன்றப் பட்டியல்தான், ஆனால் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்காக அதை வார்டு வாரியாகப் பிரித்துத் தனியாக அச்சடிப்பார்கள், பாகம் எண்ணும் வரிசை எண்ணும் மாறிவிடும். வேட்பாளர்கள் போன எம்எல்ஏ தேர்தல் பூத் சிலிப்பைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டு வருவார்கள். நகராட்சி அலுவலகத்தில் புதுப் பட்டியல் வந்ததும் ஒரு பிரதி வாங்கி, அதைப் பார்த்து மனுவை நிரப்பச் சொல்லுங்கள்.

வரி பாக்கி ஒரு ரூபாய்கூட இருக்கக்கூடாது. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பாதாள சாக்கடை இருந்தால் அதுவும் கட்டி ரசீதைக் கையில் வைத்திருக்கட்டும். வீடு மாமா பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும் கட்டிவிடுவது நல்லது, பரிசீலனை அன்று எதிராளி தோண்டுவதே இதைத்தான். சொத்து விவரமும் வழக்கு விவரமும் எழுதிய உறுதிமொழிப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது, இல்லை என்றால் "இல்லை" என்று எழுத வேண்டும்.

டெண்டர் விஷயம்தான் கொஞ்சம் இடிக்கிறது. நகராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் பங்கோ ஆதாயமோ உள்ளவருக்குத் தகுதியிழப்பு. அத்தை பெயர் அந்த நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தால் கதை முடிந்தது. மாமா பெயரில் மட்டும் என்றாலும் ஆட்சேபணை வரும், வாதாடிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். மனுத்தாக்கலுக்கு முன்பே வேலையை முடித்து, பில் பாஸாகி, கணக்கைத் தீர்த்துக்கொள்வதுதான் நிம்மதி.

காவிரிக்கரை:
செலவு பற்றி நான் சொல்கிறேன். 2022-ல் நகராட்சி வார்டுக்கு டெபாசிட் 2,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி என்றால் 1,000. பேரூராட்சிக்கு அதில் பாதி, மாநகராட்சிக்கு 4,000. செலவு வரம்பு இரண்டாம் நிலை நகராட்சிக்கு 34,000 ரூபாய். சிரிக்காதீர்கள். ஒரு ஆட்டோவில் மைக் கட்டி பத்து நாள் ஓட்டி, நோட்டீஸ் அடித்து, கூட வருகிற பிள்ளைகளுக்கு டீ, டிபன் வாங்கிக் கொடுத்தாலே அது கரைந்துவிடும். எதிரே நிற்கிற கட்சிக்காரர் கடைசி இரண்டு ராத்திரியில் என்ன இறக்குவார் என்று எல்லோருக்கும் தெரியும், எந்தக் கணக்கிலும் அது வராது.

ஆனால் அத்தை கணக்கு எழுதியே ஆக வேண்டும். முடிவு வந்து 30 நாளுக்குள் ஒப்படைக்கவில்லை என்றால் மூன்று வருஷம் எந்த உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்க முடியாது. தோற்றவர்கள்தான் இதில் மாட்டுவார்கள், தோற்ற பிறகு எவன் பில்லைத் தேடிக்கொண்டிருப்பான்!

சுயேச்சைக்கு இன்னொரு அவஸ்தை, சின்னம். 2022-ல் மனுத்தாக்கல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை, பரிசீலனை 5, வாபஸ் 7. அன்றைக்குச் சாயந்திரம்தான் சின்னம் கைக்கு வந்தது. 19-ஆம் தேதி ஓட்டு, 17-ஆம் தேதி மாலை ஆறு மணியோடு பிரச்சாரம் முடிந்தது. கட்சிக்காரர் சின்னத்தைச் சின்னக் குழந்தைக்கும் தெரியும், நீங்கள் பத்து நாளில் ஒரு சீப்பையோ பூட்டு சாவியையோ வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதனால் இப்போதே முகத்தைப் பதிய வையுங்கள், சின்னம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மூணாவது மாடி:
சேர்மன் ஆசைக்கு நான் பதில் சொல்கிறேன் 😀 மேயர், சேர்மனை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்று இந்த மாநிலத்தில் மாற்றி மாற்றி விளையாடியிருக்கிறார்கள். 1996, 2001-ல் நேரடி, 2006-ல் மறைமுகம், 2011-ல் திரும்ப நேரடி. 2016-ல் சட்டத்தை மறைமுகத்துக்கு மாற்றி, 2018-ல் நேரடிக்குத் திருப்பி, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். இப்போது அதுதான். அந்தப் பதவிக்கும் தனி ஒதுக்கீடு உண்டு, 2022 ஜனவரியில் சென்னை மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு என்று அறிவித்ததே, அந்த மாதிரி.

சுயேச்சைக்கு மவுசு வருவது இரண்டு பெரிய கட்சிக்கும் சரிபாதி வரும் ஊரில் மட்டும்தான். அப்போது அத்தை வீட்டு வாசலில் கார் நிற்கும், சேர்மன் பதவி தர இல்லை, ஓட்டைக் கேட்க. கவுன்சிலர்களுக்குக் கட்சித் தாவல் தடைச் சட்டமும் கிடையாது, அது எம்எல்ஏ, எம்பிக்கு மட்டும். 2022 மார்ச்சில் திமுக தன் கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளில் திமுகவினரே நின்று ஜெயித்து, முதல்வரே ராஜினாமா செய்யுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. கட்சிக்குள்ளேயே அந்தக் கதை.

அதற்கு முன்னால் தேர்தல் நடக்கட்டும். 2016 அக்டோபரில் தேதி குறித்து, மனுவெல்லாம் வாங்கி, பழங்குடியினர் ஒதுக்கீடு சரியில்லை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் 2022 மார்ச் வரை நகராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் ஓட்டினார்கள். ஒரு மன்றத்துக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆயுள் கிடையாது, முடிவதற்குள் அடுத்த தேர்தல் என்று அரசியல் சாசனம் தெளிவாகச் சொல்லியும் இதுதான் நடந்தது. இப்போதைய மன்றங்களின் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது, அதை வைத்துத் திட்டம் போடுங்கள், ஆனால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

தெருவிளக்கு:
எல்லோருக்கும் நன்றி. நிறுவனம் மாமா பெயரில் மட்டும்தான், அத்தை இல்லை, விசாரித்துவிட்டேன். முன்மொழிய எங்கள் அப்பா போதுமா, அவர் ஓட்டு அந்த வார்டில்தான். இன்னொன்று, ஓட்டு எந்திரத்தில் நோட்டா இருக்குமா? எங்கள் தெருவில் பாதிப் பேர் அதற்கே போடுவேன் என்கிறார்கள்.

பழைய ஏஆர்ஓ:
2022 நகர்ப்புறத் தேர்தலில் எந்திரத்தில் நோட்டா பட்டன் இல்லை, ஓட்டு யாருக்கு விழுந்தது என்று சீட்டு காட்டுகிற விவிபேட்டும் இல்லை. கோபக்கார ஓட்டுகளை அத்தையே வாங்கிக்கொள்ளட்டும்.

அப்பா போதும், சொந்த அண்ணன் என்பது நல்லதே. முன்மொழிபவர் கடைசி நேரத்தில் கைவிட்டால் என்னாகும் என்பதற்கு 2022-ல் தூத்துக்குடி மாவட்டம் கடம்பூர் பேரூராட்சியில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். மனுவில் இருப்பது எங்கள் கையெழுத்து இல்லை என்று முன்மொழிந்தவர்கள் சொல்ல, மனுக்கள் தள்ளுபடியாகி, விவகாரம் முற்றி, கடைசியில் அந்தப் பேரூராட்சிக்கே தேர்தலை ரத்து செய்தார்கள். அதனால் அப்பா உங்கள் எதிரில் உட்கார்ந்து, பட்டியலில் உள்ள பெயரின்படி இனிஷியலோடு கையெழுத்துப் போடட்டும். பரிசீலனைக்கும் கூடவே வரட்டும், ஆட்சேபணை வந்தால் அங்கேயே பதில் சொல்ல ஆள் வேண்டும். தள்ளுபடியான பிறகு கோர்ட்டுக்குப் போனால் தேர்தல் நடுவில் பெரும்பாலும் தலையிட மாட்டார்கள், முடிவு வந்த பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குதான் போட முடியும்.

கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம், இரண்டாம் நாளே தாக்கல் செய்துவிடுங்கள். பிழை இருந்தால் கெடு முடிவதற்குள் இன்னொரு மனு போட்டுக்கொள்ளலாம்.

காவிரிக்கரை:
பூத் ஏஜென்டுக்கும் இப்போதே ஆள் பாருங்கள். காலை ஆறு மணிக்கு மாதிரி ஓட்டுப்பதிவுக்கே வந்து உட்காரணும், சாயந்திரம் சீல் வைக்கிற வரை நகரக்கூடாது, பிரியாணிக்கு எழுந்து போகிற ஆள் வேண்டாம்.