பொருள்: 'பகலளவுணர்வு' – வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

மொரீஷியஸின் மோக்காவிலிருந்து, திங்கள்

அனைவருக்கும் வணக்கம். கோயில் மாலை வகுப்புக்காகப் பூச்சிகளைப் பற்றி நான்கு பக்கத் தாள் ஒன்று தயாரிக்கிறேன். வியாழன் காலை அச்சுக்குப் போகவேண்டும். பகல் நீளுவதையும் குறுகுவதையும் வைத்துப் பூச்சி பருவத்தை அறிகிறதே, அதற்கு என்ன சொல்? தமிழ்நாட்டுப் பாடநூலில் செடிகளுக்கு 'ஒளிக்காலத்துவம்' என்று இருக்கிறது. என் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். அதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். 'பகலளவுணர்வு' போதுமா?

ரோஸ் ஹில்லிலிருந்து, திங்கள் இரவு

அம்மா, பூச்சி அளப்பது பகலை அல்ல, இரவை. இங்கிலாந்தில் லீஸ் என்பவர் பட்டாணிக் குடும்பச் செடிகளில் வாழும் ஓர் அசுவினியை (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) வைத்து இதைக் காட்டினார். இரவு ஒன்பதரை மணி நேரத்தைத் தாண்டினால்தான் தாய் அசுவினி, முட்டையிடும் மகள்களைப் பெறும். குறைந்தால் குட்டி போடும் மகள்களே. நீண்ட இரவைச் சரியான நேரத்தில் கொஞ்சம் வெளிச்சம் காட்டிக் குலைத்தால் கணக்கே மாறிவிடும். ஆகவே 'இரவளவுணர்வு'.

டர்பனிலிருந்து, செவ்வாய்

ஐயா, குறளில் 'இரவு' என்று ஓர் அதிகாரம் உண்டு, கையேந்துவதைப் பற்றி. அடுத்தது 'இரவச்சம்'. உங்கள் 'இரவளவு' எவ்வளவு கேட்டு வாங்கலாம் என்றல்லவா ஆகிறது! 'எல்' என்ற பழஞ்சொல்லை எடுப்போம். எல் என்றால் ஒளி, பகல். பொழுது சாயும் நேரத்தைக் குறிக்கும் 'எற்பாடு' என்பதில் இருப்பதும் அதுவே. 'எல்லி' என்றாலோ இரவு. இரண்டும் ஒரே வேரில் வருகிறபோது 'எல்லுணர்வு'க்கு மேல் என்ன வேண்டும்? இன்னும் தோண்டினால் எல்லை, எல்லாம்...

போர்ட் லூயிஸிலிருந்து, செவ்வாய்

எல்லோரா வரை போய்விடாதீர்கள். முல்லைப்பாட்டில் பாசறை இரவில் நாழிகை வட்டிலை, அதாவது நீர்க்கடிகாரத்தை, பார்த்துப் பொழுதளந்து சொல்பவர்கள் வருகிறார்கள் அல்லவா? நம் அசுவினியும் அந்த வேலையைத்தான் செய்கிறது. லீஸும் அதன் கடிகாரத்தை மணல் கடிகாரம் போன்றதாகவே கருதினார்: இருட்டியதும் ஓடத் தொடங்கும், மறுநாள் இருட்டும்போது மறுபடி முதலிலிருந்து. 1936இல் ஜெர்மன் தாவரவியலாளர் பூனிங் சொன்னது வேறு. உள்ளே நாள்தோறும் சுழலும் தாளம் ஒன்று உண்டு, அதன் எந்தக் கட்டத்தில் வெளிச்சம் விழுகிறது என்பதே முக்கியம் என்றார். 'பொழுதளவை' இரண்டுக்கும் பொருந்தும். பகலும் பொழுது, இரவும் பொழுது, பருவம் பெரும்பொழுது.

ரோஸ் ஹில்லிலிருந்து, புதன்

'அளவை' என்றாலே எனக்குத் தருக்கம்தான் நினைவுக்கு வருகிறது. பூச்சி யாரிடம் வாதாடப் போகிறது?

மோக்காவிலிருந்து, புதன் இரவு

சரி. உங்கள் 'பெரும்பொழுது' கண்ணில் பட்டதும் தாளைத் திரும்பப் பார்த்தேன். இந்தியப் பாடத்திலிருந்து எடுத்த 'மார்கழியில் பகல் குறுகும்' என்ற வரி அப்படியே கிடக்கிறது! தென்னரைக்கோளத்தில் இருக்கும் இங்கே மார்கழிப் பகல் 13 மணி 20 நிமிடம் வரை நீளும். தைப்பூசக் காவடிக்குத் தார்ச்சாலை காலைச் சுடுகிறது. குறுகிய பகல் ஆனியில், ஏறத்தாழ 11 மணி. நல்லவேளை, திருத்திவிட்டேன்.

இன்று வகுப்பில் எல்லாச் சொற்களையும் சொல்லிப் பார்த்தேன். 'பகல்' தெரிகிறது, 'பொழுது' தெரியவில்லை. 'எல்' என்றதற்கு ஒரு பையன், ஆங்கில எழுத்தா மிஸ் என்றான். 'பகலளவுணர்வு' என்றே போடுகிறேன். அடியில் 'உண்மையில் இரவைத்தான் அளக்கிறது' என்று ஒரு வரி. மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள். அவர்களுக்கும் அலுத்திருக்கும்.

டர்பனிலிருந்து, வியாழன்

என் மறுப்பு அப்படியே இருக்கிறது. 'எல்லி'க்கு இன்னும் இரண்டு சான்றுகள் கிடைத்திருக்கின்றன; அச்சாகிவிட்டாலும் அனுப்புகிறேன்.