டொமெஸ்டிக்: ‘வழித்துணை’ சரிவருமா?

நண்பர்களே,

சைக்கிள் பந்தயத்தில் தன் அணித்தலைவர் வெல்வதற்காகவே ஓட்டும் வீரருக்கு ‘டொமெஸ்டிக்’ என்று பெயர். நம் பட்டியலுக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த கேள்விகளுக்கு என் பதில்:

> பிரெஞ்சில் வேலைக்காரன் என்றுதானே பொருள்? ‘பணியாள்’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போகலாம்தான். ஆனால் சைக்கிள் பந்தயத்தில் அந்தச் சொல் நுழைந்ததே வசவாகத்தான். பல நாள், பல கட்டங்களாக ஓடும் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில், 1911இல், மோரிஸ் புரோக்கோ என்ற வீரர், தான் வெல்ல வழியில்லை என்று ஆனதும், இன்னொரு வீரர் பிரான்சுவா ஃபாபேருக்குக் கூலிக்கு உதவ முன்வந்தார். பந்தயத்தை நடத்திய ஆன்ரி டெக்ரான்ஜ் கொதித்துப்போய் ‘வெறும் டொமெஸ்டிக்’ என்று எழுதிவிட்டார். அடுத்த கட்டத்தைப் புரோக்கோ வென்று காட்டினார், அது தனிக்கதை. நூறாண்டுப் புழக்கத்தில் பிரெஞ்சில் அந்தத் திட்டு தேய்ந்து தொழிற்பெயராகிவிட்டது. நாம் இன்று புதிதாகப் ‘பணியாள்’ என்று வைத்தால், தேயாத திட்டை அல்லவா கையில் கொடுக்கிறோம்?

‘எடுபிடி’ என்று ஒருவர் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். பாதி உண்மை. அணியின் காருக்குப் பின்வாங்கி, சட்டைக்குள் தண்ணீர்க் குப்பிகளைத் திணித்துக்கொண்டு, மறுபடி முன்னேறி எல்லாருக்கும் கொடுப்பது இவர் வேலைதான். ஜெர்மானியர் இவரை ‘நீர் சுமப்பவர்’ என்பதும் அதனால்தான். ஆனால் பெரிய வேலை காற்றோடு. இவர் முன்னால் ஓட்டி எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்ள, தலைவர் பின்னால் ஒதுங்கிச் சக்தியைச் சேமிக்கிறார். தலைவரின் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுக்க வேண்டும். 1934இல் இளைஞர் ரெனே வியெட்டோ அப்படி அந்த்வான் மாஞ்ஞுக்குக் கொடுத்துவிட்டு, சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுதார். மாஞ்ஞ் அந்த ஆண்டு டூரை வென்றார்.

எனக்கு முதலில் பிடித்தது சங்க இலக்கியத்தின் ‘பாங்கன்’. தலைவனுக்குத் தோழன், இடித்துரைக்கவும் உரிமை உள்ளவன். ஆனால் மரியாதைக்குப் ‘பாங்கர்’ என்று எழுதினால் வங்கிக்காரர் ஆகிவிடுகிறார். விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை: வழித்துணை. இருட்டில் கூட வருகிறவரையும் அப்படிச் சொல்கிறோம், சாமியையும் அப்படிச் சொல்கிறோம். தாழ்வு ஒட்டவில்லை. தேவையான இடத்தில் ‘வழித்துணை வீரர்’. மலையேற்றத்தில் கடைசிவரை கூட நிற்பவருக்கு மலைத்துணை, அணியில் மூத்தவருக்கு முதல்துணை என்று கிளைக்கவும் செய்கிறது.

> துணை என்றால் வெல்லவே கூடாதவர் என்று ஆகாதா?

ஆகாது. 1952 டூரில் இத்தாலிய அணித்தலைவர் கோப்பியின் வழித்துணை ஆந்திரெயா கர்ரெயா, முன்னே ஓடிய கூட்டத்தைக் கண்காணிக்கப் போய், எதிர்பாராமல் சுவிட்சர்லாந்தின் லொசானில், மொத்த நேரத்தில் முந்தியிருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையை வாங்கிவிட்டார். தலைவருக்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்று அழுதார். மறுநாள் ஆல்ப் துவெஸ் ஏற்றத்தில் கோப்பியே அதை எடுத்துக்கொண்டார். 2023இல் கதை திரும்பியது. இத்தாலியின் ஜிரோ பந்தயத்தில் ரோக்லிச்சுக்கும் டூரில் விங்கெகோருக்கும், தன் அணித்தலைவர்கள் என்று உழைத்து இருவரையும் வெல்லவைத்த செப் குஸ், அதே ஆண்டு ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தைத் தானே வென்றார். இரண்டாம் இடம் விங்கெகோர், மூன்றாம் இடம் ரோக்லிச். ‘முதல்துணையாக இருந்தவர் பட்டம் வென்றார்’ என்று எழுதிப் பாருங்கள், இடறவில்லை. ‘பணியாள் பட்டம் வென்றார்’ என்றால் நாடகத் தலைப்பு மாதிரி இருக்கிறது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அப்புறம், டொமெஸ்டிக்கை இத்தாலியர் அழைக்கும் ‘கிரெகாரியோ’வுக்கு வேர் மந்தை என்ற லத்தீன் சொல். பட்டியலில் அடுத்து வருவது ‘பெலட்டான்’, அதாவது நெருக்கமாகச் சேர்ந்து ஓட்டும் பெரிய வீரர் கூட்டம். அதற்கு மந்தை என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம்.