12 வோல்ட் பல்பின் மின்தடை: கணக்கில் ஒன்று, மீட்டரில் வேறு

கேள்வி:
வணக்கம். ஓம் விதியை நானே அளந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு நாளாக ஒரே குழப்பம். இழை உள்ள கார் பல்பு, அடியில் 12 வோல்ட் 21 வாட் என்று பொறித்திருக்கிறது. பவர் சப்ளையில் 12 வோல்ட் வைத்து, மல்டிமீட்டரைத் தொடரிணைப்பில் போட்டால் 1.75 ஆம்பியர் காட்டுகிறது. 12 × 1.75 = 21 வாட். அச்சாக வந்துவிட்டது. மின்தடை 12 ÷ 1.75 = 6.86 ஓம்.

அப்புறம் பல்பைக் கழற்றி, ஓம் அளவுக்கு மாற்றி நேரடியாக அளந்தேன். 0.8 ஓம்தான்! அதை வைத்தால் 12 × 12 ÷ 0.8 = 180 வாட். 21 எங்கே, 180 எங்கே? மீட்டரில் கோளாறா, நான் சூத்திரத்தைத் தப்பாகப் போடுகிறேனா?

பதில் 1:
மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து என்ன காட்டுகிறது என்று பாருங்கள். வயரின் தடையும் அந்த 0.8-இல் சேர்ந்திருக்கும்.

கேட்டவர்:
0.3 காட்டுகிறது. அப்படியானால் பல்பு வெறும் 0.5 ஓம். இப்போது 288 வாட் வருகிறது, வித்தியாசம் இன்னும் கூடிவிட்டதே!

பதில் 2:
மீட்டரும் சரி, சூத்திரமும் சரி. நீங்கள் அளந்தது இரண்டு வேறு நிலைகளை. கழற்றி அளந்தபோது இழை ஆறியிருந்தது. எரியும்போது அந்த டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். உலோகம் சூடாகச் சூடாக மின்தடை ஏறும். உங்கள் பல்பில் கிட்டத்தட்ட 14 மடங்கு ஏறியிருக்கிறது.

அந்த 288 வாட்டும் பொய்யில்லை. சப்ளை தாங்கினால், சுவிட்ச் போட்ட கணத்தில் 24 ஆம்பியர் வரை பாயும். கண் இமைப்பதற்குள் இழை சூடாகி 1.75-க்கு இறங்கிவிடும். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே ஃபியூஸ் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த நிலையில் திறன் வேண்டுமோ, அதே நிலையில் அளந்த வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். வோல்ட்டைச் சிறிது சிறிதாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் குறித்துப் பாருங்களேன், மின்தடை ஏறுவது கண்ணெதிரே தெரியும்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன்!
1 வோல்ட்: 0.45 ஆம்பியர், 2.2 ஓம். வெளிச்சமே இல்லை.
3 வோல்ட்: 0.82 ஆம்பியர், 3.7 ஓம். இழை மங்கலாகச் சிவந்தது.
6 வோல்ட்: 1.2 ஆம்பியர், 5 ஓம், 7.2 வாட்.
பாதி வோல்ட்டில் திறன் கால்பங்கு, அதாவது 5.25 வாட் வரும் என்று நினைத்திருந்தேன். தடை மாறாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு என்று இப்போது புரிகிறது. மிக்க நன்றி. மாறாத தடையில் இதையே செய்து பார்க்க ஆசை. கால் வாட் ரெசிஸ்டர் 10 ஓமிலும் 100 ஓமிலும் இருக்கிறது. எதைப் போடலாம்?

பதில் 2:
அருமையாக அளந்திருக்கிறீர்கள். 10 ஓம் வேண்டவே வேண்டாம்; 12 வோல்ட்டில் 14.4 வாட், உடனே கருகிவிடும். 100 ஓமிலும் 5 வோல்ட்டிலேயே கால் வாட் எல்லை வந்துவிடும். அதனால் 3 வோல்ட்டோடு நில்லுங்கள்: 30 மில்லியாம்பியர், 0.09 வாட். 1.5 வோல்ட்டில் 15 மில்லியாம்பியர் வந்தால், நீங்கள் தேடிய அந்தக் கால்பங்கு கிடைத்துவிடும்.