16 அமர்வு சிகிச்சை நம் கருமாதியைக் காப்பியடித்ததாமே?

ஈரோட்டுக்காரன்: துக்கத்துக்கான உளவியல் சிகிச்சையில் 16 அமர்வு வைப்பதே நம் 16ஆம் நாள் காரியத்தைப் பார்த்துத்தான் என்று ஒருவர் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். அந்த முறை அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் குழுவினருடையது. 2005இல் சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 16 அமர்வு, வாரம் ஒன்று. 16 நாளில் முடிகிற சங்கதியே இல்லை.

மரபுப்பித்தன்: அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொன்னால் வாய் வெந்துவிடுமா? சித்த மருத்துவ இழையில் வாங்கிக்கட்டியது இன்னும் ஆறவில்லை போல. 10 வைக்கவில்லை, 12 வைக்கவில்லை. அதென்ன சரியாக 16?

ஈரோட்டுக்காரன்: "ஏறக்குறைய" என்று எழுதியிருக்கிறேன். ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ். அதுவும் கருமாதியிலிருந்து போனதுதானா?

யாழ்_மகள்: எங்கட யாழ்ப்பாணப் பக்கம் அந்தியேட்டி என்ற காரியம் 31ஆம் நாள். பலர் கீரிமலைக்குப் போய்ச் செய்வார்கள். அப்போ எங்களுக்கு 31 அமர்வோ?

மரபுப்பித்தன்: இலங்கை வழக்கம் வேறு அம்மா. இங்கே பேச்சு 16.

மாம்பலம்_ரவி: எங்கள் வீட்டில் 13ஆம் நாள் சுபஸ்வீகாரத்தோடு, அதாவது துக்கம் முடித்து மங்கலத்துக்குத் திரும்பும் சடங்கோடு, சரி. 16 எல்லாருக்கும் பொது என்று யார் சொன்னது?

மரபுப்பித்தன்: மாம்பலம் வந்தாச்சா? உங்கள் வீட்டுக் கணக்கை யாராவது கேட்டார்களா?

நல்லம்மை: கணக்கை விடுங்கள். சடங்கு ஆறுதல் தருகிறதா என்று பேசலாமே? 2020இல் கொரோனாவில் போனவர்களின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாத குடும்பங்கள் எத்தனை! கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்க வழியில்லாமல் போனதே அவர்களுக்குத் தீராத குறை. அதே 16ஆம் நாளில்தான் என் அக்காவை உட்காரவைத்துத் தாலியைக் கழற்றினார்கள், பூவைப் பிய்த்தார்கள். அதுவும் சிகிச்சையா?

மரபுப்பித்தன்: அதெல்லாம் இடையில் நுழைந்தது. மூலம் 16தான்.

மாம்பலம்_ரவி: இடையில் என்றால் எப்போது? பிடிக்காததெல்லாம் உங்களுக்கு இடைச்செருகல்.

ஈரோட்டுக்காரன்: நல்லம்மை கேட்டதற்கு அவர் பதில் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். ஷியர் முறையில், சாவுச்செய்தி வந்த நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்வார்கள். அதைப் பதிவுசெய்து வீட்டில் கேட்கச் சொல்வார்கள். இறந்தவரோடு கற்பனையில் பேசவும் வைப்பார்கள். படையல் போட்டு அப்பாவிடம் பேசுவதும் கிட்டத்தட்ட இதுதானே என்று அவர் எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். காப்பி என்றதுதான் தாங்கவில்லை. காரியம் எல்லாச் சாவுக்கும் உண்டு. இந்தச் சிகிச்சை, துக்கம் தணியாமல் முடங்கிப்போனவர்களுக்கு மட்டும். 2022இல் திருத்திய அமெரிக்க மனநலக் கையேட்டில், பெரியவர்களுக்கு ஒரு வருடமாவது கடந்திருந்தால்தான் அது நோய்க்கணக்கு.

மரபுப்பித்தன்: ஒரு வருடமா! தலைத்திவசம்! உங்கள் வாயாலேயே வந்துவிட்டது பாருங்கள்.

ஈரோட்டுக்காரன்: உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 6 மாதம். அது எந்தத் திவசம் சாமி?

யாழ்_மகள்: 31க்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

மரபுப்பித்தன்: முதலில் 16க்குச் சொல்லட்டும்.