3 நிமிடம், 12 நிமிடம் டெஸ்டை வைத்து கிரிட்டிக்கல் பவர் கணக்கிடலாமா?

கியர்_34:
சைக்கிளில் 20 நிமிட பவர் டெஸ்ட் எடுக்கும்போது முதல் பாதியிலேயே வேகமாக மிதித்துவிட்டு 14ஆவது நிமிடம் வாக்கில் துவண்டுவிடுகிறேன். அதனால் இரண்டு சின்ன டெஸ்ட் எடுத்தேன். 3 நிமிடத்துக்குச் சராசரி 340 வாட், 12 நிமிடத்துக்கு 275 வாட். ஒரே நாள், நடுவில் 20 நிமிட ஓய்வு. 275-இல் 95% எடுத்தால் 261 வருகிறது. இதையே எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச வாட்) என்று வைத்துக்கொள்ளலாமா?

பெடல்மணி:
கூடாது. 95% என்பது 20 நிமிட டெஸ்டுக்கு உரியது. அதிலும் அதற்கு முன்பாக 5 நிமிடம் முழு மூச்சாக மிதித்திருக்க வேண்டும். பலர் அதை விட்டுவிட்டு, எண் கூடுதலாக வருகிறதே என்று மகிழ்கிறார்கள்.

உங்களிடம் இருப்பது வேறு கணக்கு. வாட்டை நொடியால் பெருக்கினால் செய்த வேலை ஜூலில் கிடைக்கும்:
340 × 180 = 61,200
275 × 720 = 1,98,000
வித்தியாசம் 1,36,800. அதை 540 நொடியால் வகுத்தால் 253 வாட். இதுதான் கிரிட்டிக்கல் பவர், அதாவது சீக்கிரம் துவண்டுவிடாமல் நிலையாக மிதிக்கக்கூடிய உச்ச வாட். 61,200-இலிருந்து 253.3 × 180-ஐக் கழித்தால் மிச்சம் 15,600 ஜூல், அதாவது 253-க்கு மேலே போகும்போது செலவழிக்க உங்களிடம் உள்ள கையிருப்பு.

ஏற்றப்பாதை:
கணக்கு சரி, ஆனால் அந்த 275-ஐ நம்பலாமா? எது முதலில் மிதித்தீர்கள்?

நீண்ட டெஸ்டில் வரும் பிழை பெரிதாகிறது. 12 நிமிடத்தில் 10 வாட் குறைந்தால் விடை 253-இலிருந்து 240-க்கு இறங்கும். 3 நிமிடத்தில் 10 வாட் குறைந்தாலோ விடை 257 ஆக *ஏறும்*! சோம்பலாக மிதித்தவருக்குப் பரிசு. 3-உம் 6-உம் என்று நெருக்கமாக எடுத்தால் நீண்டதன் பிழை இரட்டிப்பாகும். அதனால்தான் இடைவெளி வேண்டும். 2 நிமிடத்துக்குக் குறைவான டெஸ்டை இதில் சேர்க்கவே வேண்டாம்.

கியர்_34:
3 நிமிடம்தான் முதலில். டிரெய்னரில் (சைக்கிளை மாட்டி வீட்டிலேயே மிதிக்கும் கருவி) ஈஆர்ஜி மோட், அதாவது கருவியே வாட்டை நிலையாகப் பிடித்துவைக்கும் வசதி, அணைத்திருந்தேன். சராசரிக்குப் பதில் நார்மலைஸ்டு பவரை, அதாவது வாட்டின் ஏற்ற இறக்கத்துக்கு எடை கொடுத்துக் கணக்கிடும் எண்ணை, போடலாமா?

ஏற்றப்பாதை:
வேண்டாம், வெறும் சராசரி மட்டும். 20 நிமிட ஓய்வில் கையிருப்பு முழுதாக நிரம்பியிருக்காது, எனவே 275 குறைவாக வந்திருக்கலாம். வேறொரு நாளில் 12 நிமிடத்தைத் தனியாக எடுங்கள். வார்ம் அப் முடிந்ததும் ஸீரோ ஆஃப்செட் (பவர் மீட்டரின் சுழியத்தைச் சரிசெய்வது) போடுங்கள். பவர் மீட்டர் குளிர்ந்திருக்கும்போது போட்டால் சூடேறியபின் நகர்ந்துவிடும். ஃபேன் முகத்துக்கு நேராக. முதல் 2 நிமிடம் 270-ஐத் தாண்டாதீர்கள்.

பெடல்மணி:
ஒன்றைச் சேர்க்கிறேன். 253-ஐ ஒரு மணி நேரம் தாங்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பலருக்கு அரை மணிக்கு மேல் நீடிப்பதே கடினம். 243 வாட்டில் 35 நிமிடம் மிதித்துப் பாருங்கள். இதயத்துடிப்பு மெல்ல ஏறினால் பரவாயில்லை. மூச்சு 15ஆவது நிமிடத்திலேயே கட்டுக்குள் இல்லையென்றால் 253 உங்களுக்கு அதிகம்.