மருதிருவர் பாட்டும், பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டவர்களும்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

அக்டோபர் 27 அன்று காளையார்கோயிலில் நடைபெறும் மருதுபாண்டியர் குருபூசைக்காக ஊருக்குச் செல்லவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கவே பினாங்கிலிருந்து இம்மடலை எழுதுகிறேன்.

மதுரைக் கோபுரம் தெரியக் காளையார்கோயில் கோபுரத்தை எழுப்பிய மருது வருகிறார் என்று பெண்கள் கும்மியடித்துப் பாடும் பாட்டை நம்மில் பலர் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். 1801 அக்டோபர் 24 அன்று பெரிய மருதுவும் சின்ன மருதுவும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட செய்தி, பாடநூல் வழியாக வருவதற்கு முன்பே இத்தகைய பாட்டுகள் வழியாக நம்மை அடைந்துவிட்டது. கோபுரத்தைப் பீரங்கியால் தகர்ப்போம் என்று வெள்ளையர் மிரட்டியதால் அதைக் காக்கவே இருவரும் பிடிபட முன்வந்தனர் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு ஆவணம் உண்டா என்று ஆராய்வோர் ஆராயட்டும். தன் தலைவர்களிடம் ஊர் எதைப் பெரிதாக மதித்தது என்பது அச்சொல்லில் இருக்கிறது, எனக்கு அதுவே முதன்மையானது.

ஆயினும் மருதிருவரோடு வெள்ளையரை எதிர்த்ததற்காக நான் வாழும் இத்தீவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களைப் பற்றி ஒரு பாட்டையும் இதுவரை நான் கேட்டதில்லை. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்ட 70-க்கும் மேற்பட்டோரில் சிவகங்கை மன்னர் வேங்கன் பெரிய உடையத்தேவரும், சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமியும் இருந்தனர். சின்ன மருதுவிடம் முன்பு வளரி என்னும் வளைந்த எறிபடையை வீசக் கற்றுக்கொண்ட வெல்ஷ் என்னும் ஆங்கிலேயத் தளபதி, 1818-இல் பினாங்கில் துரைசாமியைச் சந்தித்தபோது, அடையாளமே தெரியாத அளவுக்கு அவர் தளர்ந்து முதுமையடைந்திருந்ததைக் கண்டு நெஞ்சு கலங்கியதாக எழுதிவைத்திருக்கிறார். எதிர்த்துப் போரிட்ட படையின் அதிகாரி எழுதியதால்தான் இன்று நமக்கு இது தெரிகிறது என்பதை நினைக்கும்போது மனம் மிகவும் வருந்துகிறது.

பாடுவதற்கு ஓர் இடமும் நாளும் இருந்தால்தான் பாட்டு நிலைக்கும் என்பது என் எண்ணம். மருதிருவருக்குச் சமாதியும் குருபூசையும் உண்டு. கடல் கடந்தவர்களுக்கு அவை இருப்பதாக நான் கேட்டதில்லை. மலாயாவிலேயே இதற்கு மறுபுறமும் உண்டு: 1943-இல் நேதாஜியின் அழைப்பை ஏற்று இந்திய தேசிய இராணுவத்திலும் ஜான்சி ராணி படையிலும் சேர்ந்த தோட்டத்துத் தமிழர்கள், ‘கதம் கதம் படாயே ஜா’ என்ற இந்துஸ்தானி அணிநடைப் பாட்டைக் காதால் கேட்டே கற்றுக்கொண்டார்கள். நாள்தோறும் அடியெடுத்து வைப்பதற்குப் பயன்பட்டதால் அது மனத்தில் பதிந்தது. ‘ஜெய் ஹிந்த்’ என்ற முழக்கமும் வணக்கமாகவே வழங்கியது.

ஆகவே, ஊருக்குச் செல்பவர்கள் குருபூசைக் கூட்டத்தைப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், வயதான பாட்டிமார்களிடமும் ஒப்பாரி பாடுவோரிடமும் அமர்ந்து, கப்பலேறிப் போனவரைப் பற்றித் தாலாட்டிலோ கும்மியிலோ ஓர் அடியாவது உண்டா என்று கேட்டு, பாடுபவரின் இசைவோடு கைப்பேசியில் பதிவு செய்து, அவருடைய ஊரையும் அப்பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அரைகுறையாக நினைவில் இருந்தாலும் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள். எதுவும் கிடைக்கவில்லையெனில் புதிதாக ஒன்றை நாம் எழுதிப் பாடலாம். ஆனால் எழுதியவர் பெயரும் ஆண்டும் அதில் இருக்க வேண்டும், பழம்பாட்டு என்று யாரும் அதைச் சொல்லிவிடக் கூடாது.

அன்புடன்,
பினாங்குக் கிளை உறுப்பினர்